ஆதரவு கேட்காதீர்கள், வேலை கொடுங்கள்: சாதாரண மக்களைப் பொதுப் போராட்டங்களுக்குள் அழைத்து வருவது எப்படி?

நான் முதன்முதலில் கூட்டிய கூட்டத்துக்கு முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். ஒரு பள்ளி வாசலில் வண்டிகள் கண்மண் தெரியாமல் பறந்துகொண்டிருந்தன. அங்கே வேகத்தடை வேண்டும், சாலையைக் கடக்கக் கோடு போட்டுத் தர வேண்டும் என்பதுதான் விஷயம். முக்கால் மணி நேரம் பேசினேன். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள், கைதட்டினார்கள். அடுத்த வாரம் ஆறு பேர்தான் வந்தார்கள். மக்களுக்கு அக்கறையே இல்லை என்று மனம் கசந்து போயிருந்தேன். அப்போது முதல் கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு அம்மாவை வழியில் பார்த்தேன். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "நல்லாத்தான் பேசினீங்க தம்பி. ஆனா நான் என்ன செய்யணும்னு நீங்க சொல்லவே இல்லையே" என்றார்.

அதற்குப் பிறகு பல வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த அம்மா சொன்ன ஒரு வாக்கியத்தின் விரிவுதான். மக்கள் ஒதுங்கி நிற்பதற்குப் பெரும்பாலும் அக்கறையின்மை காரணமில்லை. நாம் கேட்பது அவர்களுடைய நேரத்துக்கோ கைக்கோ துணிச்சலுக்கோ பொருந்தாமல் இருக்கிறது. பொருந்துகிற மாதிரி வேலையை வெட்டித் தைத்துக் கொடுப்பது நம் பொறுப்பு.

எரிகா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரை உலகெங்கும் நடந்த 323 பெரிய இயக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆயுதம் ஏந்தியவற்றைவிட அமைதி வழியில் நடந்தவை ஏறக்குறைய இரண்டு மடங்கு வெற்றி பெற்றிருந்தன. அவர்கள் சொன்ன முக்கியமான காரணம், அமைதி வழியில் முதியவர், தாய்மார், மாணவர், உடல் நலிந்தவர் என எல்லோருக்கும் இடம் இருந்தது என்பதுதான். எனவே சாதாரண மக்களைச் சேர்ப்பதைப் போராட்டத்துக்கு முந்தைய ஏற்பாடு என்று நினைக்காதீர்கள். போராட்டத்தின் பலமே அதில்தான் இருக்கிறது.

முதல் படி: கோரிக்கையைக் கையில் பிடிக்கிற அளவுக்குச் சுருக்குங்கள்

"சாலைப் பாதுகாப்பு வேண்டும்" என்பது ஆசை. "இந்தப் பள்ளி வாசலில் இரண்டு வேகத்தடைகள் வேண்டும், அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் இந்த அதிகாரி" என்பது கோரிக்கை. என்ன வேண்டும், யாரால் கொடுக்க முடியும் என்ற இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட வேண்டும். பத்து வயதுப் பிள்ளை வீட்டுக்குப் போய் அதைத் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

1930-ல் காந்தி உப்பைக் கையில் எடுத்தபோது அவருடைய தோழர்கள் சிலருக்கே அது புரியவில்லை. நாட்டு விடுதலைக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தார்கள். மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து அவருடன் புறப்பட்டவர்கள் 78 பேர். ஏப்ரல் 6 அன்று தண்டியில் அவர் உப்பை அள்ளிய பிறகு, வேதாரண்யம் வரை கடலோரமெங்கும் அதே காரியத்தை யார் வேண்டுமானாலும் செய்ய முடிந்தது. படிப்போ பேச்சுத்திறமையோ தேவைப்படவில்லை. குனிந்து அள்ளத் தெரிந்தால் போதும். உங்கள் கோரிக்கைக்குள்ளும் அப்படி ஒரு உப்பு இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

இரண்டாம் படி: கூட்டம் போடுவதற்கு முன் பத்து பேரிடம் தனித்தனியாகப் பேசுங்கள்

பேசுங்கள் என்றாலும் அதில் பெரும்பகுதி கேட்பதுதான். கையில் நோட்டீஸ் கட்டு இருக்கக் கூடாது. அதைப் பார்த்ததும் எதிரில் இருப்பவர் தலையாட்டத் தயாராகிவிடுவார். மூன்று கேள்விகள் போதும். இதனால் உங்களுக்கு என்ன சிரமம்? இதற்கு முன் யாராவது ஏதாவது செய்து பார்த்தார்களா? உங்களுக்கு எது நன்றாக வரும்?

மூன்றாவது கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எனக்குக் கிடைத்த புதையல் எல்லாம் அதில்தான் கிடைத்தது. பள்ளி விஷயத்தில் ஒரு வேன் ஓட்டுநர், எந்த வளைவில் எந்த நேரத்தில் வண்டிகள் வேகம் எடுக்கும் என்று வரைந்தே காட்டினார். ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவருக்கு எந்த மனு எந்த மேசைக்குப் போய் அங்கேயே தூங்கும் என்பது அத்துப்படி. ஒரு தையல்காரர், "எனக்குப் பேச வராது, தைக்க வரும்" என்றார். அவர் தைத்துக் கொடுத்ததைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு நோட்டில் பெயர், அவருடைய கவலை, அவருடைய கைத்திறன், அவருக்கு வசதியான நேரம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். பத்து பேருடைய வரிகள் சேர்ந்ததும் அடுத்த படிக்குத் தேவையான எல்லாம் அதில் இருக்கும்.

மூன்றாம் படி: வேலையைச் சின்னச் சின்னதாக வெட்டுங்கள்

ஒரு தாளை எடுத்து, உங்கள் இயக்கத்துக்குத் தேவையான எல்லா வேலைகளையும் ஐந்து நிமிட வேலை, ஒரு மணி நேர வேலை, ஒரு நாள் வேலை என்று பிரித்து எழுதுங்கள். வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடியவற்றுக்குத் தனி அடையாளம் போடுங்கள். பெயர் வெளியே தெரியாமல் செய்யக்கூடியவற்றுக்கு இன்னொரு அடையாளம். இந்த இரண்டாவது அடையாளம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன்.

1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரத்தில், பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் கைதானதைத் தொடர்ந்து, கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்தார்கள். அது 381 நாள் நீடித்தது. அவ்வளவு நாளும் மக்களை வேலைக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்ப அழைத்து வர கார்கள் வேண்டும், பெட்ரோல் வேண்டும், பணம் வேண்டும். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டார். அவர்கள் வீட்டில் சமைத்து விற்று, வந்த பணத்தை இயக்கத்துக்குக் கொடுத்தார்கள். அந்தக் குழுவுக்கு அவர் வைத்த பெயருக்கு "எங்கிருந்தும் வராதவர்களின் சங்கம்" என்று அர்த்தம். பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், எங்கிருந்தும் இல்லை என்று உண்மையாகவே பதில் சொல்லலாம். வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை பார்த்த பெண்கள் வெளிப்படையாக மேடை ஏறினால் மறுநாள் வேலை போய்விடும். ஆனால் அடுப்படியில் நின்றபடியே அவர்கள் அந்தப் போராட்டத்தை ஓட்டினார்கள்.

உங்கள் பகுதியிலும் மேடை ஏற முடியாதவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு ஒரு அடுப்படி கண்டுபிடித்துக் கொடுங்கள்.

பள்ளி விஷயத்தில் எங்களுடைய ஐந்து நிமிட வேலை வண்டிகளை எண்ணுவது. காலையில் பிள்ளையை விட வரும் பெற்றோர் ஐந்து நிமிடம் நின்று, எத்தனை வண்டிகள் வேகம் குறையாமல் போகின்றன என்று கோடு கிழித்துவிட்டுப் போவார்கள். யாருக்கும் பயமில்லை, யாரும் யாரையும் எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு மாதத்தில் எங்கள் கையில் நாள்வாரியான கணக்கு இருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், கணக்கெடுத்த ஒவ்வொருவரும் "நம்ம விஷயம்" என்று பேசத் தொடங்கியிருந்தார்கள்.

நான்காம் படி: நேராகக் கேளுங்கள்

"ஆர்வமுள்ளவர்கள் வாருங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் வர மாட்டார்கள். ஒருவரைப் பார்த்து, அவர் பெயரைச் சொல்லி, ஒரு வேலையை, ஒரு நாளை, ஒரு நேரத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். "அக்கா, வியாழக்கிழமை காலையில் எட்டரை மணிக்கு ஐந்து நிமிடம் எண்ணித் தர முடியுமா?" கேட்டதும் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அந்த மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும். நாமே புகுந்து "முடியாவிட்டால் பரவாயில்லை" என்று சொல்லிவிடுவோம். சொல்லாதீர்கள். அவரே பதில் சொல்லட்டும்.

முடியாது என்றால் ஏன் என்று மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள். நேரம் ஒத்துவராது என்பது வேறு, கணவர் சம்மதிக்க மாட்டார் என்பது வேறு, போன தடவை ஏமாந்துபோனோம் என்பது வேறு. ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. சும்மா விட்டுவிடச் சொன்னால் விட்டுவிடுங்கள். நட்பு மிஞ்சினால் மூன்று மாதம் கழித்து அவரே வருவார்.

ஐந்தாம் படி: வடிவத்தை மாற்றிப் பாருங்கள்

ஊர்வலம், உண்ணாவிரதம், தெருமுனைக் கூட்டம் எல்லாம் நமக்குப் பழகிய வடிவங்கள். அவற்றுக்கு மதிப்பு உண்டு. ஆனால் புதிதாக வருபவருக்கு அவை அந்நியமாக இருக்கும். கற்பனை வேண்டியது இங்கேதான். புதிய வடிவம் தேடும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்த மனிதர்கள் ஏற்கெனவே தினமும் செய்கிற எந்தக் காரியத்தைப் போராட்டமாக மாற்றலாம்?

சிலியில் 1983 மே மாதம், பினோசெயின் ராணுவ ஆட்சிக்கு எதிராகச் செம்புச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. ரத்தம் சிந்தும் என்று தெரிந்ததும் அதைக் கைவிட்டு, வேறு மாதிரி அழைப்பு விடுத்தார்கள். மே 11 அன்று மெதுவாக நடங்கள், வண்டியை மெதுவாக ஓட்டுங்கள், இரவு எட்டு மணிக்கு வீட்டில் இருந்தபடியே பாத்திரங்களைத் தட்டுங்கள். அன்று இரவு நகரமெங்கும் பாத்திர ஓசை எழுந்தது. மெதுவாக நடந்ததற்காக ஒரு ஊரையே எப்படிக் கைது செய்வது? அடுத்த வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் அதே ஓசை கேட்டபோது, தான் மட்டும்தான் இப்படி நினைக்கிறோம் என்ற பயம் ஒவ்வொருவருக்கும் விலகியது.

எய்ட்ஸ் நோயில் இறந்தவர்களைப் பற்றிப் பேசவே உலகம் கூசிய காலம் ஒன்று இருந்தது. அப்போது சான் பிரான்சிஸ்கோவில் ஒரு யோசனை பிறந்தது. இறந்தவர் ஒவ்வொருவருக்கும் மூன்றடிக்கு ஆறடி அளவில் ஒரு துணி. ஒரு கல்லறையின் அளவு அது. பெயரைத் தைக்கலாம், அவர் சட்டையை ஒட்டலாம், பொம்மையைக் கோர்க்கலாம். 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டன் நகரத் திடலில் 1,920 துணிகளை இணைத்து விரித்தார்கள். வாழ்நாளில் கோஷமே போடாத தாய்மார்கள் அந்தத் துணிகளைத் தைத்திருந்தார்கள். மகனுக்காகத் தைப்பதற்கு யாரிடம் அரசியல் விளக்கம் கேட்க வேண்டும்?

மனிதச் சங்கிலி நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் 1989 ஆகஸ்ட் 23 அன்று அப்போது சோவியத் ஆட்சியின் கீழ் இருந்த எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்று நாடுகளின் மக்கள் விடுதலை கேட்டு 600 கிலோமீட்டருக்கு மேல் கைகோத்து நின்றதிலிருந்து ஏற்பாட்டுப் பாடம் ஒன்று உண்டு. ஏறத்தாழ 20 லட்சம் பேர் என்கிறார்கள். ஒவ்வொரு ஊருக்கும் சாலையில் ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள், பேருந்து ஏற்பாடு செய்திருந்தார்கள், வானொலி வழியே ஒருங்கிணைத்தார்கள். கைகோத்து நின்றது கால் மணி நேரம்தான். "எங்கள் ஊர் வராவிட்டால் சங்கிலி இந்த இடத்தில் அறும்" என்ற உணர்வுதான் ஆளைக் கொண்டுவந்து சேர்த்தது. தான் இல்லாவிட்டால் ஓர் இடம் காலியாக இருக்கும் என்று ஒவ்வொருவருக்கும் தெரிகிற மாதிரி வேலையைப் பிரியுங்கள். நூறு பேருக்கு நடுவில் நூற்றியோராவது ஆளாக வர யாருக்கும் அவசரம் இருக்காது.

இப்போது அந்தத் தையல்காரரிடம் வருகிறேன். பொலிவியாவின் லா பாஸ் நகரத்தில் இளைஞர்கள் வரிக்குதிரை வேடம் போட்டுப் பாதசாரிகள் சாலையைக் கடக்க உதவுவதைப் பற்றி எங்கள் குழுவில் ஒரு நாள் பேச்சு வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் போனார். நான்கு நாள் கழித்துக் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை வைத்துத் தைத்த நீளத் துணியோடு வந்தார். "கோடு போட்டுத் தர மாட்டேங்கிறாங்கல்ல, நாம பிடிச்சிக்கிட்டு நிப்போம்" என்றார். போக்குவரத்துக் காவலரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் நான்கு பெரியவர்கள் அந்தத் துணியைப் பிடித்து நின்றார்கள். வண்டிகள் நின்றன. பிள்ளைகள் கடந்தார்கள். துணி பிடிக்கும் முறைக்கு வரிசையில் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் என் கூட்டத்துக்கு ஒரு தடவைகூட வராதவர்கள்.

வீதி நாடகமும் நல்ல வழி. பார்வையாளரை உள்ளே இழுக்கிற நாடகம் இன்னும் நல்லது. பிரேசில் நாட்டு நாடகக் கலைஞர் அகஸ்டோ போவால் உருவாக்கிய முறை ஒன்று இருக்கிறது. ஒரு பிரச்சினையைத் தோல்வியில் முடிகிற மாதிரி நடித்துக் காட்டுவார்கள். பிறகு அதையே மறுபடி நடிப்பார்கள். இந்த முறை கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லிவிட்டு, நடிகரின் இடத்தில் தானே நின்று வேறு மாதிரி செய்து பார்க்கலாம். அதிகாரியிடம் மனு கொடுக்கப் போவதற்கு முன் நாங்கள் இதைச் செய்தோம். ஒருவர் அதிகாரியாக உட்கார்ந்து "நாளைக்கு வாங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வாயே திறக்காத ஒரு பாட்டி எழுந்து வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நாளைக்குன்னா எத்தனை மணிக்கு? எழுதிக் குடுங்க" என்றார். உண்மையான அலுவலகத்திலும் அவரைத்தான் முன்னால் உட்கார வைத்தோம்.

இன்னொன்று. மக்களுக்கு ஏற்கெனவே இருக்கும் ஆசையோடு உங்கள் வேலையைச் சேர்த்துக் கட்டுங்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. சைக்கிள் மிதித்துத் தானே ஓர் இடத்துக்குப் போய்வர முடியும் என்ற விடுதலை ஆயிரக்கணக்கான பெண்களை அந்த இயக்கத்தோடு ஒன்றவைத்தது.

ஆறாம் படி: பயத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள்

"ஒன்றும் ஆகாது, வாங்க" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். என்ன ஆகலாம், என்ன ஆகாது, அனுமதி வாங்கியிருக்கிறோமா, பிரச்சினை வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். உங்கள் பகுதியில் கூட்டம் கூடுவதற்கான விதிகளைச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவருடைய புகைப்படத்தை எடுப்பதற்கு முன்னும், வெளியிடுவதற்கு முன்னும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள். வேலை பார்க்கும் இடத்தில் ஒரு புகைப்படம் செய்யக்கூடிய சேதம் நமக்குத் தெரியாது.

விதிகளை மதித்தபடியே வழி கண்டவர்களும் உண்டு. அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி பிள்ளைகளைக் கடத்திக் காணாமல் போகச் செய்தபோது, 1977 ஏப்ரல் 30 அன்று 14 தாய்மார்கள் பியூனஸ் ஐரிஸ் நகரத்தின் மே சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, கலைந்து நடங்கள் என்றது காவல்துறை. சரி என்று இரண்டிரண்டு பேராகக் கைகோத்துச் சதுக்கத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். வாரா வாரம் நடந்தார்கள். அவர்களில் சிலரையே ஆட்சி கடத்திக் கொன்றது. மற்றவர்கள் நடப்பதை நிறுத்தவில்லை.

சிரிப்பும் பயத்தைக் கரைக்கும். செர்பியாவில் ஆட்சியாளர் மிலோசெவிச்சுக்கு எதிராக ஓட்போர் என்ற இயக்கத்தின் இளைஞர்கள் அவர் முகம் வரைந்த பீப்பாய் ஒன்றைக் கடைவீதியில் வைத்து, பக்கத்தில் ஒரு கட்டையையும் வைத்துவிட்டுத் தள்ளிப்போய்விட்டார்கள். காசு போட்டு ஓர் அடி அடிக்கலாம். வரிசை நின்றது. காவலர்கள் வந்து யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் பீப்பாயைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் படம் செய்தியானது. ஆனால் எளியவர்களையும் எதிர்த்தரப்பின் குடும்பத்தையும் கேலிக்கு இழுக்காதீர்கள். அதிகாரத்தை மட்டும் கேலி செய்யுங்கள்.

கூட்டம் நடக்கும் இடமும் நேரமும்கூட ஆட்களைத் தடுக்கும். படியேற முடியாதவர் வருவாரா? கைக்குழந்தை வைத்திருப்பவர் எங்கே உட்காருவார்? கழிப்பறை இருக்கிறதா? இருட்டிய பிறகு பெண்கள் எப்படி வீடு திரும்புவார்கள்? கைப்பேசி இல்லாதவருக்கு யார் தகவல் சொல்வது? இவற்றைப் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

ஏழாம் படி: இரண்டு நாளுக்குள் திரும்பிப் பேசுங்கள்

முதல் தடவை வந்தவரை நாம் இழப்பது பெரும்பாலும் நிகழ்ச்சி முடிந்த பிறகுதான். இரண்டு நாளுக்குள் அவரைக் கூப்பிட்டு நன்றி சொல்லுங்கள். அவர் செய்ததால் என்ன நடந்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். "நீங்க எண்ணிக் கொடுத்த வியாழக்கிழமைக் கணக்குதான் மனுவில் முதல் பக்கத்தில் இருக்கிறது" என்பது மாதிரி. அப்புறம் போன தடவையைவிடக் கொஞ்சம் பெரிய வேலை ஒன்றைக் கேளுங்கள்.

வாட்ஸ்அப் குழு வைத்தால் அறிவிப்புக்கு ஒன்று, அரட்டைக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள். ஒரே குழுவாக இருந்தால் காலை வணக்கங்களுக்கு அடியில் கூட்டத் தேதி புதைந்துபோகும்.

தோற்ற நாட்களிலும் இதே மாதிரி திரும்பிப் பேசுங்கள். எங்கள் முதல் மனு திரும்பி வந்தபோது இரண்டு வாரம் யாரிடமும் நான் சொல்லவில்லை. அது தவறு. சொன்ன அன்றே அந்த ஓய்வுபெற்ற எழுத்தர் மனுவை வாங்கிப் பார்த்து, அனுப்ப வேண்டிய அலுவலகமே வேறு என்று கண்டுபிடித்தார்.

எட்டாம் படி: பொறுப்பைக் கைமாற்றுங்கள்

மூன்றாவது, நான்காவது கூட்டத்துக்குள் நீங்கள் செய்கிற வேலைகளில் ஒன்றையாவது இன்னொருவரிடம் முழுதாகக் கொடுத்திருக்க வேண்டும். சாவி, நோட்டு, தொலைபேசிப் பட்டியல், கணக்கு என எதுவாக இருந்தாலும் சரி. பணக் கணக்கை எப்போதும் இரண்டு பேர் பார்க்கட்டும், மாதம் ஒருமுறை எல்லோர் முன்னும் வாசிக்கட்டும். புதியவர் உங்களைப் போலச் செய்ய மாட்டார். துணி பிடிக்கும் முறைப் பட்டியலை நான் நேரப்படி எழுதி வைத்திருந்தேன். எனக்குப் பின் வந்த அந்த அம்மா, அதே "தம்பி" என்று கூப்பிட்ட அம்மா, அதைக் கிழித்துவிட்டு யார் யார் பக்கத்து வீடு என்று பார்த்து ஜோடி சேர்த்து எழுதினார். ஒருவர் மறந்தால் இன்னொருவர் கதவைத் தட்டிக் கூட்டிவருவார் என்றார். அதன் பிறகு ஒரு நாளும் ஆள் குறையவில்லை. அடுத்த கூட்டத்தையும் அவரே நடத்தினார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து வந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன்.